மாக்வேயின் இடது கொம்பு

குழிக்குள் இடுப்பளவு இறங்கியிருந்தவன் மண்வெட்டியை நிறுத்திவிட்டு, "அக்கா, மாக்வேய் எப்படி இருக்கான்?" என்று கேட்டான்.

யாரைப் பற்றிக் கேட்கிறான் என்று அஜாக்குக்குத் தெரியவில்லை. தம்பிக்கு உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்டு, வேர்க்கடலை விழுதும் காய்ந்த வெண்டைக்காயும் சுமந்துகொண்டு ஆற்றோரமாகவே நடந்து வந்தவள் அவள். போர் முகாமை அடைந்தபோது தம்பி குவோல் செத்துப்போயிருந்தான். காய்ச்சல். குண்டு எதுவும் படவில்லை. மாட்டுத்தோல் கிடைக்காததால் கூடாரத் துணியில் சுற்றி மரத்தடியில் வைத்திருந்தார்கள்.

அவளுக்கு அழுகை வரவில்லை. எல்லாவற்றையும் தெரிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. மீசை முளைக்கும் முன்பே போருக்குப் போனவன். எங்கே படுப்பான், என்ன தின்பான், யாரோடு சண்டை போடுவான் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். குழியில் நின்றவன் லுவால், தம்பியோடு ஒரே பாயில் படுத்தவன். தோண்டிக்கொண்டே சொன்னான்.

விடியும்போது விசில் ஊதுவார்கள். விறகுக்குப் போக வேண்டும். மழைக்காலத்தில் பதுங்குகுழி நிறைந்துவிடும். சோறு பொங்கும் பானையாலேயே அந்தத் தண்ணீரை மொண்டு கொட்டிவிட்டு, அதே பானையில் சோளக்களி கிண்டுவார்கள். முகாமில் பெண்கள் இல்லாததால் சோளம் இடிப்பதும் ஆண்கள்தான். நெற்றியில் ஆண்மைத் தழும்பு கீறிய பெரிய ஆட்கள் வெட்கப்பட்டு, சுற்றிலும் சாக்குத் திரை கட்டி மறைத்துக்கொண்டு இடிப்பார்கள். குவோல் மட்டும் சாக்கு கட்ட மாட்டானாம். காவலுக்குப் போகிறவன் போட்டுக்கொள்ள முகாமுக்கே ஒரு ஜோடி பூட்ஸ். குவோலுக்குக் கால் பெரிது என்பதால் அதன் முனையை வெட்டிவிட்டான். அதற்கு எல்லோரிடமும் திட்டு வாங்கினான். எப்போதாவது விமானம் வரும். மற்றபடி பேன் பார்ப்பதும் காத்திருப்பதும்தான் போர்.

"சாயங்காலம் ஆனா பாட்டு. அவனவன் எருதைப் பத்தி அவனவன் பாடுவான். மாக்வேய்னு ஆரம்பிச்சா இவன நிறுத்த முடியாது. நாங்க இவனையே மாக்வேய்னுதான் கூப்பிடுவோம்."

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. மாக்வேய் ஓர் எருது. மீன்பிடிக்கும் கழுகைப் போல உடம்பு கருத்துத் தலை வெளுத்த எருது. ஆண்பிள்ளை என்றால் அவனுக்கென்று ஓர் எருது வேண்டும். அதன் பெயர்தான் அவனுக்கும் பெயர். எருது இல்லாதவனை நண்பர்கள் கூப்பிட ஒரு பெயர் கிடையாது.

மண்மேட்டில் உட்கார்ந்திருந்த இன்னொருவன் சிரித்தான். பியார். பக்கத்து ஊர்க்காரன், முகாமுக்குப் புதிதாக வந்தவன்.

"இவங்க ஊர் மாட்டையெல்லாம் கொள்ளைக்காரனுங்க ஓட்டிட்டுப் போய் எத்தனையோ மழை ஆச்சு. ஒரு கன்னுக்குட்டிகூட மிஞ்சல. இதுல மாக்வேயாம்."

"வாயை மூடுடா," என்றான் லுவால். ஆனால் அவனும் அவள் முகத்தைத்தான் பார்த்தான்.

மண் தள்ளும் முன்பு தன் எருதைப் பாட வேண்டும் என்று குவோல் கேட்டுக்கொண்டிருந்தானாம். இல்லாத எருதுக்குக் கொம்பு மாதிரி கை தூக்கிப் பாட மாட்டேன் என்று பியார் காலையிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தான். மற்றவர்களும் தயங்கினார்கள். குவோல் பொய்யன் என்று ஆகிவிட்டால், இத்தனை நாள் அவன் பாடியது எல்லாம் கேலிப்பேச்சாகிவிடும்.

பியார் சொன்னது உண்மை. வீட்டில் எருது இல்லை. அவள் வாயைத் திறந்தாள். பிறகு வேறு ஏதோ தோன்ற, "அது எப்படி இருக்கும்னு சொன்னான்?" என்று கேட்டாள்.

லுவால் மண்வெட்டியில் சாய்ந்துகொண்டான். வலது கொம்பு நேராக மேலே போகும். இடது கொம்பு முன்பக்கம் சாய்ந்து, கண்ணுக்கு மேலே நிழல் விழும்படி நிற்கும்.

"அப்புறம் திமிலுக்குப் பின்னால ஒரு சின்னக் குழி. மழை பெஞ்சா அதுல தண்ணி நிக்குமாம், கொக்கு வந்து குடிக்குமாம். முதுகுல எதுக்குடா குழின்னு கேட்டா, அது பொறக்கும்போதே இருந்துச்சும்பான்."

அஜாக் தன் கட்டைவிரலைப் பார்த்தாள்.

கொள்ளையில் மாடுகள் பறிபோன அந்த வாரம் தம்பி சாப்பிடவே இல்லை. அப்போது அவன் சின்னப்பையன். ஆற்றங்கரைக் களிமண்ணில் அவள் ஓர் எருது பிடித்துக் கொடுத்தாள். உடம்புக்குக் கரி, தலைக்குச் சாம்பல். இடது கொம்பு உடைந்து விழுந்தது. அவன் அழுவதற்குள் அவசரமாக ஒட்டியதில் அது முன்னால் சாய்ந்துவிட்டது. ஒட்டும்போது நழுவாமல் இருக்க, திமிலுக்குப் பின்னால் கட்டைவிரலை அழுத்திப் பிடித்திருந்தாள். அடுத்த மழையில் அது கரைந்துபோயிற்று. அதோடு அவள் அதை மறந்துவிட்டாள்.

"இருக்கு," என்றாள்.

பியார் எழுந்தான். "நீ பாத்தியா?"

"அந்தக் கொம்பை வளைச்சதே நான்தான்."

"வளர்ற கொம்பைச் செதுக்கி வளைக்கிறது ஆம்பிளை வேலை. பொம்பளை எங்க வளைச்சா?"

"அன்னைக்கு வீட்டுல ஆம்பிளை யாரும் இல்ல."

அந்தக் கொள்ளையில் பியாரின் ஊரிலும் ஆண்கள் செத்திருந்தார்கள். அவன் குனிந்து, காலில் ஒட்டிய மண்ணைக் குச்சியால் சுரண்டினான்.

"ஒரு நாள் இங்க ஓட்டிட்டு வாக்கா," என்றான் லுவால். "நாங்களும் பாத்த மாதிரி இருக்கும்."

"அவ்வளவு தூரம் அது நடக்காது."

லுவால் மேலே ஏறி வந்தான். குவோலைத் துணியோடு இறக்கினார்கள். முனை வெட்டிய பூட்ஸை யாரும் குழியில் போடவில்லை. மதியக் காவலுக்குப் போனவன் காலில் அது இருந்தது. பிறகு எல்லோரும் குழியைச் சுற்றி நின்றார்கள். கைகளைக் கொம்புகளாக மேலே தூக்கிக்கொண்டு லுவால் பாட்டை எடுத்தான். மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். கடைசியில் பியாரும் கை தூக்கினான். அவன் வலது கையை வளைத்திருந்தான்.

அஜாக் ஈர மண்மேட்டில் கையை ஊன்றிச் சுற்றிக்கொண்டு அவனிடம் போனாள். அவன் வலது கையை நேராக நிமிர்த்திவிட்டு, இடது முழங்கையைப் பிடித்து முன்னால் இழுத்துச் சாய்த்தாள்.

"இன்னும் கொஞ்சம்," என்றாள்.

அவன் இன்னும் கொஞ்சம் சாய்த்தான். அவள் கையை எடுத்தபோது அவன் சட்டையில் ஈரக் களிமண் ஒட்டியிருந்தது. பாட்டு முடியும்வரை அவன் அதைத் துடைக்கவில்லை.