செந்தாமரை வீட்டு நடுக்கம்

தொண்ணூற்றொன்றாம் வருஷம் ஐப்பசியில் இமயமலைப் பக்கம் வந்த பெரிய நிலநடுக்கத்தின் பின்னதிர்வுகள், ஒரகடத்தை அடுத்த ஊரில் செந்தாமரையின் வீட்டில் மட்டும் வந்தன. ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்டிருந்த கங்கம்மாள் வீட்டில் விளக்குத் திரிகூட அசையவில்லை. இந்தப் பக்கம் பரணிலிருந்து அண்டா விழுந்து நடுவீட்டில் உருளும்போது, அந்தப் பக்கம் கங்கம்மாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். மற்றபடி அந்த வருஷம் ஏரி நிரம்பியது. நெல் விலையில் பெரிய மாற்றமில்லை.

செந்தாமரையின் கணவன் தசரதன் அந்த மலையில்தான் இருந்தான். சாலை போடும் கம்பெனியில் புல்டோசர் ஓட்டப் போனவன். அவன் தங்கியிருந்த கொட்டகை மண்ணோடு போய்விட்டது, ஆளைக் காணவில்லை என்று தந்தி வந்தது. காணவில்லை என்றால் செத்துவிட்டான் என்று எடுத்துக்கொள்வதா, இருக்கிறான் என்று எடுத்துக்கொள்வதா, யாருக்கும் விளங்கவில்லை. வீடு முதன்முதலாக ஆடியது அதற்கு மறுநாள். தசரதனின் அண்ணன் பலராமன் ரேடியோ கேட்டுவிட்டு வந்து, இங்கே ஆடும்போதெல்லாம் மலையிலும் ஆடுகிறதாம் என்றான். 

பட்டணத்திலிருந்து கருவியோடு இரண்டு பேர் வந்தார்கள். கருவியின் முள் நகரவில்லை. கருவி வைத்திருந்த ஸ்டூல் மட்டும் நடுங்கிக்கொண்டே வாசல்வரை போனது. அதிர்வு எதுவும் இல்லை என்று சொன்னவர்கள், ஸ்டூலைத் தூக்கி வந்து பழைய இடத்தில் போட்டுவிட்டு பஸ் ஏறினார்கள்.

மாமியார் சுந்தராம்பாள்தான் ஒரு முடிவுக்கு வந்தாள். "மண்ணுக்குள்ள கெடந்து பொரள்றான்மா. காரியம் பண்ணிட்டா அடங்கிடும்."

"பொரள்ற ஆளுக்கு இன்னாத்துக்கு அத்தை காரியம்?" என்றாள் செந்தாமரை.

அப்படிச் சொல்லிவிட்டாளே தவிர, அவளுக்கும் ஒன்றும் தெளிவில்லை. சில நாள் சுவரில் கன்னத்தை வைத்து, இருக்கியா இல்லியா என்று கேட்பாள். சுவர் அதிரும். ஆமாம் என்கிறதா, இல்லை என்கிறதா? ஓடு சரிந்து, சுவர் கைநுழையும் அளவுக்குப் பிளந்தது. வெளியே வந்துவிடு என்று கங்கம்மாள் கெஞ்சியும் அவள் வரவில்லை. வீடு ஆடினால் பயமாக இருந்தது. ஒரு வாரம் ஆடாமல் இருந்தாலோ சோறு இறங்கவில்லை.

மார்கழி முழுக்க வீடு சும்மாவே நின்றது. தை பிறந்ததும் உறவுக்காரர்கள் காரியத்துக்கு நாள் குறித்தார்கள். செந்தாமரை களைத்துப்போயிருந்தாள். சரி என்றாள். குறித்த நாள் காலை பெண்கள் அவளைச் சுற்றி உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார்கள். தாலிக்கயிற்றில் சுந்தராம்பாள் கை வைத்தபோது வீடு ஆடிய ஆட்டத்தில் உத்திரம் முறிந்து, பாதிக் கூரை பின்கட்டில் இறங்கியது. பெண்கள் தெருவுக்கு ஓடினார்கள். பேரன் பேத்தி எடுத்த வயதில் அவர்களுக்கு முன்னால் ஓடினாள் சுந்தராம்பாள். புழுதியில் தனியாக உட்கார்ந்திருந்த செந்தாமரை கயிற்றை எடுத்து ரவிக்கைக்குள் விட்டுக்கொண்டாள்.

மாசியில் தசரதன் சுங்குவார்சத்திரத்தில் பஸ் இறங்கி, ஒரு காலை இழுத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தான். அடிபட்டதில் தன் பேரே மறந்து ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறான். பேர் ஞாபகம் வந்ததும் கிளம்பிவிட்டான்.

"அங்க தெனிக்கும் ஆட்டமாமே?" என்றான் பலராமன்.

"எல்லாரும் அலறிகினு ஓடுவாங்கோ. என் கட்டிலு மட்டும் ஆடவே ஆடாது. எனுக்குத்தான் தல கலங்கிப்போச்சின்னு டாக்டரே சொல்ட்டாரு" என்றவன், பிளந்த சுவரையும் பாதிக் கூரையையும் அப்போதுதான் பார்த்தான். "வூடு இன்னா இப்டி கீது?"

அவனை அடிப்பதா, கட்டிக்கொண்டு அழுவதா என்று செந்தாமரைக்குத் தெரியவில்லை. "அங்க வர வேண்டியதெல்லாம் இங்க வந்துச்சி" என்று மட்டும் சொல்லிவிட்டு, அவனுக்குக் கால் கழுவத் தண்ணீர் எடுக்கப் போனாள்.

அவன் வந்ததும் நின்றுவிடும் என்று ஊர் நினைத்தது. நிற்கவில்லை. கூரையை எடுத்துவிட்டுத் தளம் போட்டார்கள், தளமும் ஆடியது. நிலங்கள் கைமாறின, கார் கம்பெனிகள் வந்தன, ஊரில் பாதிப் பேர் ஷிப்டுக்குப் போகத் தொடங்கினார்கள். இப்போது வருவது யாருக்கு வர வேண்டியது என்று செந்தாமரை கொஞ்ச காலம் யோசித்துப் பார்த்தாள். பிறகு விட்டுவிட்டாள். தசரதன் திரும்பி வந்த பிறகு பிறந்த மகனுக்குக் கல்யாணமாகி மஞ்சுளா மருமகளாக வந்த மறுநாள், குழாயில் எப்போது தண்ணீர் வரும், மோட்டார் சுவிட்ச் எது என்று சொல்லிக்கொண்டே வந்த செந்தாமரை, வீடு ஆடினால் அடுப்பிலிருக்கும் பாத்திரத்தைப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். மஞ்சுளா சரி என்றாள். அன்று சாயங்காலமே ஆடியது. மஞ்சுளா பால் பாத்திரத்தைத் துணியால் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆட்டம் ஓய்ந்ததும், "அத்தை, சக்கர எங்க கீது?" என்று கேட்டாள்.