கதவ சாத்து

புருஷன் போய் இருபத்து மூன்று நாள் ஆகியும் அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. துக்கம் கேட்க வருகிறவர்களுக்குக் கண் எப்போதுமே கொஞ்சம் கூர்மைதான், அதனால் வந்தவர்கள் எல்லாரும் அதைக் கவனித்துவிட்டார்கள். "கல்லு மாதிரி உக்காந்திருக்கா பாரு" என்று ஒருத்தி கூடத்தில் கிசுகிசுத்தது சமையலறை வரைக்கும் கேட்டது. கேட்காமல் என்ன? காது பரிசோதனை நிலையத்தில் பதினெட்டு வருஷமாக ஊர்க்காதையெல்லாம் சோதித்துச் சீட்டு எழுதிக் கொடுக்கிறவள் அவள். அவள் காதில் ஒரு குறையும் இல்லை.

அழக் கூடாது என்று அவள் ஒன்றும் சபதம் எடுக்கவில்லை. வரவில்லை, அவ்வளவுதான். பத்தாம் நாளே வேலைக்குப் போனாள். கண்ணாடிக் கூண்டுக்குள் ஆளை உட்கார வைத்து, சிவப்பு வலது காதுக்கு, நீலம் இடது காதுக்கு என்று ஹெட்ஃபோனை மாட்டி, "சத்தம் கேட்டா பட்டன அமுக்குங்க, கேக்கலேன்னா சும்மா இருங்க" என்று நாளைக்கு இருபது பேரிடம் சொன்னாள். வீட்டுக்கு வந்து தட்டில் இருப்பதைச் சாப்பிட்டாள். உப்பு போட்டிருக்கிறதா இல்லையா என்றுகூடத் தெரியவில்லை.

அவளுக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அவன் ஏன் அந்தப் பக்கம் திரும்பினான்?

நடந்தது இதுதான். பள்ளிக்கூடத்தில் லேப் அசிஸ்டெண்டாக இருந்தவன், காலையில் வழக்கம் போலக் கிளம்பிப் போனான். கிடங்குத் தெருவில் ஒரு சரக்கு வண்டி பீப் பீப் என்று கத்திக்கொண்டே ரிவர்ஸில் வந்தது. எதிரே இருந்த தையல்கடைக்காரர் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். "சத்தம் கேட்டு நின்னாரும்மா. நின்னு திரும்பியும் பாத்தாரு. ஆனா வலது பக்கமா பாத்தாரு. வண்டி வந்தது இடது பக்கம். பாத்துக்கிட்டே ரெண்டடி பின்னால எடுத்து வெச்சாரு, நேரா அதுமேலயே" என்றார். அதை அவர் மூன்று தடவை சொன்னார். மூன்று தடவையும் ஒரு வார்த்தை மாறவில்லை.

சொந்தக்காரர்கள் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. "பாட்ட மாட்டிக்கிட்டுப் போயிருப்பான், பைத்தியம்" என்று முடித்துவிட்டார்கள். ஹெட்ஃபோன் வீட்டு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைச் சொன்னாலும் யார் கேட்கிறார்கள்?

ஒற்றைக் காது போனவர்களுக்குத்தான் அப்படி ஆகும். சத்தம் கேட்கும், எங்கிருந்து வருகிறது என்று தெரியாது. எல்லாமே நல்ல காதின் பக்கம் இருந்து வருகிற மாதிரி இருக்கும். இது அவளுக்குத் தொழிலில் அரிச்சுவடி. ஆனால் அவன் காது சுத்தம். வருஷா வருஷம் அவன் பிறந்தநாளன்று, நிலையத்தில் கூட்டம் ஓய்ந்த பிறகு அவளேதான் சோதித்தாள். கடைசியாகச் சோதித்தது ஐந்து மாசம் முன்னால். ரெண்டு காதும் நார்மல், கீழே அவள் கையெழுத்து.

அப்படியென்றால் அன்றைக்கு அவன் நினைப்பு இங்கே இல்லை. வீட்டில் வாங்கிய திட்டை மென்றுகொண்டே நடந்திருக்கிறான். காலையில் அவனைத் திட்டி அனுப்பியது அவள்தான். இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவனுடைய சிநேகிதர், லிஃப்ட் மெக்கானிக், வந்தார், இசைத்தட்டுகளை எடுத்துக்கொண்டு போக. "எனக்கு ஏதாச்சும் ஆனா தட்டெல்லாம் அவருக்கு" என்று அவன் எப்போதோ விளையாட்டாகச் சொல்லியிருந்தான். ரெண்டு அட்டைப்பெட்டியும் ஒரு கயிறும் கொண்டுவந்திருந்தார் மனிதர். செருப்பைக் கழற்றிவிட்டு, எங்கே உட்காருவது என்று தெரியாமல் பெட்டி மேலேயே உட்காரப் பார்த்தார். ஒத்தாசைக்கு வந்து தங்கியிருந்த நாத்தனார், அவனுடைய ஒரே தங்கை, நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

இருபத்தைந்து வருஷச் சிநேகிதம். ரெண்டு பேரையும் சேர்த்து வைத்தது ஒரே ஒரு பேண்ட். கடல் தாண்டி எங்கேயோ நாலு முடிவளர்த்த ஆசாமிகள் இவர்கள் பிறப்பதற்கு முன்னால் வாசித்து ஓய்ந்துபோனது. அந்தப் பேண்டின் ஆல்பங்களுக்கு உள்ள இங்கிலீஷ் பேரை இவர்கள் சொல்வதே கிடையாது. அட்டையில் என்ன படமோ அதுதான் பேர். குதிரை, மஞ்ச நாற்காலி, ஏணி, குடை. அலமாரிக் கதவின் உள்பக்கம் அவன் ஒரு காகிதம் ஒட்டியிருந்தான்: ஒன்று ஏணி, ரெண்டு மஞ்ச நாற்காலி, மூன்று குதிரை. மெக்கானிக்குக் குதிரைதான் முதல். இந்த ஒன்றுக்கும் மூன்றுக்கும் நடந்த சண்டையில் சொத்துத் தகராறே தீர்ந்திருக்கும்.

அப்புறம் வதந்திகள். ரெண்டாவது ஆல்பத்தோடு டிரம்மர் செத்துப்போய்விட்டார், அதற்கப்புறம் வாசிப்பதெல்லாம் அவரோட இரட்டைப் பிறவித் தம்பி. குதிரை அட்டையில் நிற்பது நாலு பேர், தரையில் விழுகிற நிழல் அஞ்சு. இதெல்லாம் உலகத்தில் அந்தப் பேண்டைக் கேட்கிற எல்லாருக்கும் தெரிந்த கதை. ஆனால் ஏணியைப் பற்றிய வதந்தி நம்மவர்களுக்கு மட்டுமே சொந்தம். ஏணி ரெட்டைத் தட்டு ஆல்பம். நாலாவது பக்கத்தில் கடைசிப் பாட்டு தேய்ந்து அடங்கிய பிறகு, கொஞ்ச நேர அமைதிக்கப்புறம், யாரோ தூரத்தில் ஏதோ சொல்வது லேசாகக் கேட்கும். "காட் த லாஸ்ட் டூ", அதாவது கடைசி ரெண்டும் பதிவாகிவிட்டது என்று சவுண்ட் என்ஜினியர் சொல்கிறார் என்பது வெளிநாட்டுக்காரர்கள் கட்சி. நம்மவர்கள் அடித்துச் சொல்வது வேறு. அது சுத்தமான தமிழ். "கதவ சாத்து." அட்டையின் பின்பக்கம் நன்றி சொன்ன பட்டியலில் வெறுமனே 'எஸ்.' என்று ஒரு எழுத்து இருக்கிறது இல்லையா, அவர் நம்ம ஆளு. டீ குடித்துவிட்டு வந்த எவனோ கதவைத் திறந்து போட்டுவிட்டான், அவனைத்தான் அவர் அதட்டுகிறார்.

அவள் இதைக் கேட்டு எத்தனை தடவை தலையில் அடித்துக்கொண்டிருப்பாள். ஏனென்றால் இந்த வீட்டில் கதவைச் சாத்தாத ஒரே ஆள் அவன்தான். "பாட்டுல எவனோ சொன்னா பக்தியா கேக்கறே. நான் தெனம் சொல்றேனே, அது ஏறுதா?" என்பாள். அவன் சிரிப்பான். "ஒரு தடவ ஹெட்ஃபோன மாட்டி நீயே கேட்டுப் பாரேன்" என்பான். நாள் பூரா அடுத்தவர் காதில் மாட்டுகிறவளுக்கு வீட்டிலும் அதே வேலையா? அவள் ஒரு நாளும் மாட்டியதில்லை. கடைசி நாலு வருஷத்தில் அவன் கொஞ்சம் அதிகமாகவே கூப்பிட்டான்.

மெக்கானிக் ஒவ்வொரு தட்டாக எடுத்து, முன்னும் பின்னும் பார்த்து, பெட்டியில் அடுக்கினார். ஏணி வந்ததும் கை நின்றுவிட்டது.

"இது வேணாம் தங்கச்சி. நீங்களே வெச்சுக்கங்க."

"நான் வெச்சு என்னண்ணே பண்ணப் போறேன்?"

"ஒரு தடவ கேளுங்க. நாலாவது பக்கம். அவன் எவ்வளவு ஆசைப்பட்டான் தெரியுமா? 'காது டெஸ்ட் பண்றவளே கேட்டுச் சொல்லிட்டா அப்புறம் எவன் பேசுவான்'னு சொல்லிக்கிட்டே இருப்பான்."

மாட்டேன் என்று சொல்வதற்கும் ஒரு தெம்பு வேண்டும். அவளுக்கு அதுவும் இல்லை. எழுந்து ஆணியிலிருந்து ஹெட்ஃபோனை எடுத்தாள். ஒரு பக்கக் குமிழில் சிவப்பு டேப் சுற்றியிருந்தது. சிவப்பு என்றால் வலது. கை தன்பாட்டுக்கு அதை வலது காதில் வைத்தது. அவர் ஊசியைத் தட்டின் கடைசிக்குக் கொண்டுபோய் மெதுவாக இறக்கினார்.

கிடார் அழுதுவிட்டு ஓய்ந்தது. கரகரவென்று தட்டின் சத்தம் மட்டும் ஓடியது. அப்புறம் வந்தது அந்தக் குரல்.

கதவ சாத்து.

அட, நிஜமாகவே அப்படித்தான் இருக்கிறது. அலுத்துப்போன ஒரு ஆம்பிளை, பத்தாவது தடவையாகச் சொல்கிற மாதிரி. அவளுக்கு லேசாகச் சிரிப்புகூட வரப் பார்த்தது.

"கேட்டுச்சா?" மெக்கானிக் முகம் பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிற மாதிரி இருந்தது.

"கேட்டுச்சுண்ணே. வலது காதுல, தெளிவாவே."

"வலதா?" அவர் தலையை ஆட்டினார். "இருக்காதே. அது இடது பக்கம் மட்டும்தான் வரும். தமிழா இங்கிலீஷான்னுதான் சண்டையே தவிர, இடதுங்கறதுல சண்டையே கிடையாது. மாத்தி மாட்டிட்டீங்க போல."

பதினெட்டு வருஷத் தொழிலில் அவள் ஹெட்ஃபோனை மாற்றி மாட்டியதில்லை. கழற்றிப் பார்த்தாள். டேப்பின் ஓரத்தை நகத்தால் நெம்பினாள். அடியில் 'எல்' என்ற எழுத்து. இடது.

"தப்பா ஒட்டிட்டான் பாருங்க" என்றார் அவர்.

அவள் டேப்பை மறுபடி அமுக்கி ஒட்டினாள். சிவப்பு எந்தக் காதுக்கு என்பது அவனுக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். தவிர, அந்த டேப் அவள் நிலையத்து டேப். நாலு வருஷம் முன்னால் காணாமல் போய், ஆயா மேல் சந்தேகப்பட்டு, அப்புறம் மறந்துபோன சுருள். இடது பக்கம் மட்டும் வருகிற குரலை வலது காதில் கேட்க வேண்டிய அவசியம் ஒரு மனிதனுக்கு எப்போது வரும்?

"அண்ணே, உங்க கூட நடக்கறப்ப அவரு எந்தப் பக்கம் வருவாரு?"

அவர் யோசித்தார். "இடது பக்கம். எனக்கு இடது பக்கமாத்தான் வருவான். முன்னெல்லாம் அப்படி இல்ல, கொஞ்ச வருஷமாத்தான். நான் மாறி வந்தாக்கூட சுத்திக்கிட்டு வந்து அங்கதான் நிப்பான். ஏன்டான்னா பழக்கம்டாம்பான். ஏன் தங்கச்சி?"

அவருக்கு இடது பக்கம் நடந்தால், அவர் பேச்சு இவனுடைய வலது காதில் விழும். கட்டிலில் இடம் மாற்றிக்கொண்டதும் அப்போதுதான். ஃபேன் காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்றான்.

அவள் உள்ளே போய் அவன் ஃபைலை எடுத்துவந்தாள். கடைசி நாலு பிறந்தநாள், நாலு சீட்டு. வலது காதுக்குச் சிவப்பு வட்டம், இடது காதுக்கு நீலப் பெருக்கல் குறி. ரெண்டு கோடும் ஒன்றன் மேல் ஒன்று, மயிரிழை பிசகாமல். ஐம்பதை நெருங்குகிற எவனுக்கும் ரெண்டு காதும் இப்படி ஒட்டிப் பிறந்த மாதிரி இருக்காது. வேறு யார் சீட்டாக இருந்தாலும் மறுபடி உட்கார வைத்திருப்பாள். புருஷன் சீட்டு என்பதால் பெருமைப்பட்டாள்.

சோதிக்கும்போது ஆளை முதுகு காட்டி உட்கார வைக்க வேண்டும், அதுதான் முறை. இல்லாவிட்டால் இவள் கை அசைவதைப் பார்த்து அமுக்கிவிடுவார்கள். அவன் மட்டும் கண்ணாடி வழியே அவளைப் பார்த்துக்கொண்டுதான் உட்காருவான். "உன் மூஞ்சியப் பாக்காம எனக்கு ஒரு பீப்பும் கேக்காது" என்பான். அதை அவள் கொஞ்சல் என்று எடுத்துக்கொண்டாள். வெட்கம்கூடப் பட்டாள், அந்த வயதில்.

நாலு வருஷமும் அவன் பார்த்தது மூஞ்சியை இல்லை, ஒவ்வொரு பீப்புக்கும் அசைகிற அவள் தோளைத்தான். ஏன் மறைத்தான்? அவளிடம், அதுவும் அவளிடம் ஏன்? ஹெட்ஃபோனை மாட்டிப் பார் என்று அத்தனை தடவை கூப்பிட்டது பாட்டுக்காகவா, இதுக்காகவா? இனி யாரைக் கேட்பது?

தையல்கடைக்காரர் சொன்னது சரி. அவனுக்குச் சத்தம் கேட்டது. நல்ல காதின் பக்கம் திரும்பினான். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது அவள்.

"என்னம்மா ஆச்சு?" என்றார் மெக்கானிக்.

"ஒண்ணுமில்லண்ணே. டேப் தப்பாத்தான் ஒட்டியிருக்கு. நீங்க கட்டுங்க."

அவர் பெட்டிகளைக் கயிறு போட்டுக் கட்டினார். ஏணியை மட்டும் மேஜை மேல் வைத்துவிட்டு, ரெண்டு பெட்டியையும் ஒன்றன் மேல் ஒன்றாகத் தூக்கிக்கொண்டு, தாடையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு வெளியே போனார். கதவு திறந்தபடி கிடந்தது.

அன்றைக்கும் இப்படித்தான். வாசலைப் பார்த்துப் போகிறவனுக்குச் சமையலறை இடது கைப் பக்கம். குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு அவள் "கதவ சாத்து" என்றாள். அவன் பாட்டுக்குப் போனான். இன்னொரு தடவை சொன்னாள். வாசலில் ஒரு தடவை திரும்பி, அவளைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனான். அந்தச் சிரிப்பில்தான் அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "செவிடன் காதுல ஊதின சங்கு. எக்கேடோ கெட்டுப் போ" என்று முதுகுக்குப் பின்னால் கத்தினாள். அவனோடு அவள் பேசிய கடைசிப் பேச்சு அது. இருபத்து மூன்று நாளாக அந்தச் சிரிப்பு அவளுக்கு நக்கலாகவே இருந்தது.

அந்தச் சிரிப்பை அவள் தினம் இருபது தடவை நிலையத்தில் பார்க்கிறாள். காது கேட்காதவர்கள் அப்படித்தான் சிரிப்பார்கள். பேர் கேட்டால் சிரிப்பார்கள், வயசு கேட்டால் சிரிப்பார்கள்.

"அண்ணே, கதவச் சாத்திட்டுப் போங்க" என்று நாத்தனார் உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள்.

படியில் இறங்கிக்கொண்டிருந்த காலடிச் சத்தம் நின்றது. மனிதர் பெட்டிகளைப் படியிலேயே இறக்கி வைத்துவிட்டு மேலே ஏறிவந்தார். "மறந்துட்டேம்மா" என்று சொல்லி, கதவை மெதுவாக இழுத்துச் சாத்தினார். தாழ் க்ளிக் என்று விழுந்தது.

ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். கேட்டது, வந்து சாத்தினார்.

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். முதலில் சத்தமே வரவில்லை, தோள் மட்டும் குலுங்கியது. அப்புறம் வந்தது. நாத்தனார் அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்து அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணி, என்ன அண்ணி, என்ன ஆச்சு?"

"உங்க அண்ணனுக்குக் கேக்கலடி."

"என்ன கேக்கல?"

"கதவ சாத்துன்னு சொன்னேன். அவருக்குக் கேக்கல."