தொகுதியும் பகுதியும்

பொருளாதாரத்தின் அளவோடு ஒப்பிட்டால் எந்த மாகாண அரசு எவ்வளவு செலவு செய்கிறது என்ற பட்டியல் காலையில் வந்தது. எப்போதும் கடைசி வரிசையில் முடங்கிக் கிடக்கும் மாகாணம் இந்த முறை முதலிடம்! அதன் நிதி மந்திரிக்குத் தலைகால் புரியவில்லை. ஊரெல்லாம் போஸ்டர் ஒட்டச் சொல்லி உடனே ஆள் அனுப்பினார்.

கணக்குப் போட்ட புள்ளிவிவர அதிகாரி மட்டும் அந்தக் கொண்டாட்டத்தில் சேரவில்லை. செலவு ஒரு காசுகூட ஏறவில்லை என்று அவளுக்குத் தெரியும். ஊரின் டயர் ஆலை மூடிப்போய், அதை நம்பியிருந்த கடை, லாரி, பட்டறை எல்லாம் படுத்துவிட்டன. பொருளாதாரம் சுருங்கினால் அதே செலவு பெரிதாகத் தெரியத்தானே செய்யும்? அந்த ஆலையில் வேலை பார்த்த அவள் வீட்டுக்காரர், இப்போது சமையலறை டப்பாக்களை அடுக்கி, கலைத்து, மறுபடி அடுக்கிக்கொண்டிருக்கிறார். ஆலையைத் திறக்க மத்திய அரசிடம் உதவி கேட்கும் மனு மந்திரியின் கையெழுத்துக்காக மேசையில் தூங்கியது. முதலிடம் என்று தம்பட்டம் அடித்தபிறகு அதில் எங்கே கையெழுத்துப் போடப்போகிறார்?

துணிந்து உள்ளே போனாள்.

"சார், இதுல சந்தோஷப்பட ஒண்ணுமில்ல. தொகுதி அப்படியேதான் இருக்கு. பகுதிதான் சுருங்கிப்போச்சு."

மந்திரி பதறி எழுந்தார். "என் தொகுதிக்கு ஒண்ணும் ஆகலையே?"

"அந்தத் தொகுதி இல்ல சார். பின்னத்துல மேல இருக்கிறது தொகுதி, அதாவது நம்ம செலவு; கீழ இருக்கிறது பகுதி, அதாவது பொருளாதாரம். பள்ளிக்கூடத்துல படிச்சிருப்பீங்க."

"படிச்சேன், படிச்சேன். நம்ம தொகுதி மேலதானே இருக்கு? அப்புறம் என்னம்மா?"

அவளுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. "ஆலை மூடினதாலதான் சார் இந்த முதலிடமே. என் வீட்டுக்காரர் வேலையும் அதுலதான் போச்சு. இந்த மனுவுல ஒரு கையெழுத்துப் போட்டீங்கன்னா..."

மந்திரி மனுவைப் பார்த்தார், பட்டியலைப் பார்த்தார். வேண்டுமென்றால் மனுஷருக்குக் கணக்கு நன்றாகவே வரும்.

"ஆலை திறந்தா பகுதி பெருசாகுமா?"

"ஆமா சார்!" அப்பாடா, ஒருவழியாக மண்டையில் ஏறிவிட்டது என்று அவளுக்கு உயிர் வந்தது.

"அப்போ நம்ம இடம் இறங்கிடுமே!"

மனு மேசை இழுப்பறைக்குள் போனது.

சாயங்காலம் அவள் வாடிய முகத்தோடு வீட்டுக்குள் நுழைந்தாள். வீட்டுக்காரர் முழங்கை வரை பசையோடு, வாயெல்லாம் பல்லாக நின்றார்.

"எத்தனை மாசத்துக்கு அப்புறம் ஒரு நாள் கூலி, பாத்தியா! ஊர் பூரா போஸ்டர் ஒட்டிட்டு வர்றேன். நாம முதலிடமாமே, எங்கிட்ட நீ சொல்லவே இல்லையே?"