எல்லாரிடமிருந்தும் தணிகாசலத்தைக் கழித்தல்

எங்கள் கட்டடத்தைத் தினமும் காலையில் அழித்துவிட்டு வேறு மாதிரி எழுதுவார்கள். சுவரும் கதவும் மட்டுமல்ல, நாங்களும் மாறுவோம். நேற்று நான் மாடிப்படி. ஏறியவர்கள் யாரும் குறை சொல்லவில்லை. இன்று எண்களைக் கழிப்பவன்.

வேலை சுலபம். எண்கள் ஆட்களாக வரிசையில் வரும். வாசலில் தணிகாசலம் என்ற பகா எண் உட்கார்ந்திருப்பார். அவரை யாராலும் வகுக்க முடியாது. கல்யாணமும் ஆகவில்லை. அவரைவிடப் பெரியவர் உள்ளே போகக் கூடாது என்பது இங்கே வழக்கம். வந்தால், வந்தவரிலிருந்து ஒரு தணிகாசலத்தைக் கழித்து மீதியை அனுப்ப வேண்டும். கழிக்கும்போது ஷட்டர் இறக்குவதுபோல் சத்தம் வரும். சின்னவர்கள் அப்படியே போகலாம். அந்த இடைவெளியில் நான் டீ குடிப்பேன்.

இன்று வந்தது என் தங்கை செவ்வந்தியின் புது முகவரி. எண்களாக்கிப் பூட்டி அம்மாவுக்கு அனுப்ப வேண்டும். வேறு யாருக்கும் தெரியக் கூடாது. முக்கியமாக, அவள் விட்டுவிட்டு ஓடிவந்த கணவர் துரைக்கண்ணுவுக்கு.

துரைக்கண்ணு சுவருக்கு வெளியே நின்று, டம்ளர் வைத்து ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன மச்சான், ஷட்டர் சத்தத்தைக் காணோம். இப்ப வந்தது சின்ன ஆளு போல. நீ டீ உறிஞ்சுறது கேக்குது."

நான் டீயை விழுங்கவில்லை. வாயிலேயே வைத்துக்கொண்டேன்.

"தெரு தெரிஞ்சிருச்சு. வீட்டு நம்பர்தான் பாக்கி. நீ பாட்டுக்குக் குடி."

ஒரு வார்த்தைகூடப் பேசாமல் தங்கையைக் காட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். அதற்கும் ஒரு திறமை வேண்டும்.

மேற்பார்வையாளர் கிரேஸ்லின் மேடத்திடம் ஓடினேன். ஓட ஓட நடைபாதை நீண்டது. அவர் இரக்கப்பட்டு மேசையோடு எதிரே வந்தார்.

"எல்லாரையும் கழிங்க," என்றார்.

"சின்னவங்களையுமா மேடம்?"

"ஆமா. சின்னவங்கன்னா, கழிச்சதைக் கூடையில போட்டுட்டு அசல் ஆளை அனுப்புங்க. வெளிய நிக்கிறவனுக்கு ஒரே சத்தம்தான் கேக்கணும்."

தெரிந்துபோன தெருவை என்ன செய்வது என்று கேட்டேன். தெருவிடம் தானே பேசுவதாகச் சொன்னார். பேசினார். தெரு தன் பெட்டிக்கடைகளையும் அடிபம்பையும் தூக்கிக்கொண்டு ஆற்றுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது.

முகவரி முதலிலிருந்து வந்தது. எல்லாரையும் கழித்தேன். சின்னவர்களைக் கழித்தால் பூஜ்யத்துக்கும் கீழே போய்த் தலைகீழாக வந்தார்கள். தலைகீழானவரைக் கூடையில் போட்டேன். அசல் ஆளுக்குச் சட்டையைச் சரிசெய்து அனுப்பினேன். தணிகாசலம் ஒவ்வொரு முறையும் கழிக்க வசதியாக எழுந்து நின்றார். முகம் சுளிக்கவில்லை. டீ ஆறி, ஏடு கட்டி, எங்கேயோ போய்விட்டது.

வெளியே துரைக்கண்ணு, "மச்சான், எல்லாம் ஒரே மாதிரி கேக்குதே," என்றார். பிறகு கெஞ்சினார். பிறகு அவர் காது சுவரோடு ஒட்டி ஒரு பிளக் பாயிண்ட் ஆனது. யாரோ அதில் இஸ்திரிப் பெட்டியைச் செருகினார்கள். நன்றாகவே சூடாயிற்று.

சாயங்காலம் அம்மாவின் பதில் பூட்டியபடி வந்தது. கிரேஸ்லின் மேடம் திறந்து, என்னை உட்காரச் சொல்லிவிட்டுப் படித்தார்.

"முருங்கைக்காய் சாம்பார் எடுத்துட்டுப் போனேன்டா. உன் தங்கச்சி கதவை அகலத் திறந்து போட்டுட்டுத் தூங்குறா. நான் எழுப்பல."