சாட்சிக்கு வைத்த கட்டை

ஜெயம்மாளுக்கு வேண்டியதெல்லாம் அவளுடைய கக்கத்துக் கட்டை. அற்புதம் கிற்புதம் ஒன்றும் அவளாகக் கேட்கவில்லை. சின்ன வயதிலேயே இளம்பிள்ளை வாதத்தில் வலது கால் சூம்பிப்போனது. மிஷன் ஆஸ்பத்திரித் துரைசானியம்மா தலையில் கைவைத்து ஜெபமும் செய்தாள், வளர்ந்த பிறகு தச்சனிடம் சொல்லி அளவாக ஒரு கட்டையும் செய்து கொடுத்தாள். அதை இடுக்கிக்கொண்டுதான் முப்பது வருஷமாகப் பெரிய காஞ்சிபுரத்துத் தறிவீட்டுக்கு, ஊடை நூலைத் தாரில் சுற்றும் வேலைக்குப் போய்வந்தாள். தாயில்லாத தம்பி சாமுவேலை ஆளாக்கியதும் அந்தக் கூலிதான்.

அந்தச் சாமுவேல்தான் இப்போது சுகமளிக்கும் கூட்டம் நடத்துகிற பெரிய ஊழியக்காரன். முதலமைச்சர் அண்ணா காலமான வருஷம், முசரவாக்கத்தில் ஒரு கூட்டம். அக்காவின் நெற்றியில் எண்ணெய் பூசி, "எழுந்து நட!" என்றான். ஜனம் அல்லேலூயா என்று கூவியது. அந்த ஆவேசத்தில் கட்டையில்லாமல் நாலு எட்டு நடந்தே விட்டாள். பொய்யில்லை, நடந்தாள். அழுகையான அழுகை. சாமுவேல் கட்டையை வாங்கி எல்லாருக்கும் உயர்த்திக் காட்டினான்.

மறுநாள் பாயைவிட்டு எழுந்திருக்க முடியவில்லை. தம்பிக்குச் சொல்லியனுப்பினாள். கையை வீசிக்கொண்டு வந்தான்.

"கட்டை எங்கடா?"

"அது சாட்சிக்கு வச்சிக்கிறேன்க்கா. நீ மறுபடி கட்டையோட தெருவுல போனா ஜனங்க விசுவாசம் என்னாவறது? கொஞ்ச நாளைக்கு வெளிய வராத."

"வேலைக்கு எப்டிடா போறது?"

"ஜெபம் பண்ணிக்கினு இருக்கா. நடப்ப."

நம்பினாள், மகராசி. மூன்று வாரம் சுவரைப் பிடித்து நிற்பதும் விழுவதுமாக முழங்கையெல்லாம் சிராய்ப்பு. தன் விசுவாசத்தில்தான் ஏதோ குறை என்று தன்னையே திட்டிக்கொண்டாள். கடைசியில் பக்கத்து வீட்டு எல்லம்மாள்தான் போட்டு உடைத்தாள்.

"தறிவீட்ல உன் எடத்துக்கு வேற ஆள் தேடிக்கினு இருக்காங்கமா. இன்னிக்கு சாயங்காலம் ஏனாத்தூர்ல உன் தம்பி கூட்டம். வா, ரிக்‌ஷாவுல போயி கட்டைய வாங்கியாந்துடலாம்."

ஏனாத்தூரில் மேடைக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்கள். சாமுவேல் கையில் அந்தக் கட்டை. கக்கத்தில் உறுத்தாமலிருக்க அவள் சுற்றியிருந்த பழம்புடவைத் துணியை அவிழ்த்துவிட்டு ஜிகினாத் தாள் ஒட்டியிருந்தார்கள்.

"என் கூடப்பிறந்த அக்கா! இன்றைக்கு ஓடி ஆடி வேலைக்குப் போகிறாள்!" என்று மைக்கில் முழங்கினான்.

தரையில் இருந்தபடியே அவள் கத்தினாள்: "சாமுவேலு! கட்டைய குடுடா!"

யாரோ ஜெபத்துக்கு வந்த நோயாளி என்று நினைத்து இரண்டு பேர் அவளைத் தூக்கி மேடையில் உட்காரவைத்தார்கள். சாமுவேலுக்கு முகம் வெளுத்துவிட்டது. கண்கூடக் கலங்கியது. என்ன இருந்தாலும் தம்பியாயிற்றே, கொடுத்துவிடுவான் என்று கையை நீட்டினாள்.

அவன் மைக்கை நீட்டினான். "உங்க பேர் என்னம்மா? எந்த ஊரு?"

ஐயோ, கூடப்பிறந்தவனே பேரைக் கேட்கிறான். வேலை போயிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

"ஜெயம்மா," என்றாள் மைக்கில். "நீ இப்ப சொன்னியே, ஓடி ஆடி வேலைக்குப் போற அக்கான்னு, அவதான்."

அவன் கையிலிருந்து கட்டையை இழுத்து ஊன்றி எழுந்தாள். வெறுங்கட்டை கக்கத்தில் உறுத்தியது. மேடைப் படிக்கு அவள் வந்தபோது, அவன் மைக்கைக் கையால் மூடிக்கொண்டு, "அக்கா..." என்றான்.

"நீ யாருபா?" என்று கேட்டுவிட்டு, எல்லம்மாளின் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.