மூல காரணம்

அந்த மருந்துத் தொழிற்சாலையில் எதையும் யாரும் செய்வதில்லை. எல்லாம் தாமாகவே நேர்ந்துகொண்டிருந்தன. வால்வு திறந்திருந்தது, அழுத்தம் குறைந்தது, கதவு மூடப்படவில்லை. தவறு என்ற சொல்லுக்கு அங்கே இடமில்லை. அதன் நாற்காலியில் 'டீவியேஷன்', அதாவது விலகல், சட்டமாக உட்கார்ந்திருந்தது. 'நான்தான் செய்தேன்' என்று சொல்லக் கூடாதென எந்தச் சுவரிலும் எழுதி ஒட்டியிருக்கவில்லை. ஆனாலும் வாயிற்காவலர் முதல் மேலாளர் வரை அனைவரும் அந்த விதியை மூச்சுவிடுவதைப் போல இயல்பாகக் கடைப்பிடித்தார்கள்.

காற்றுக்காரர் அதை வீடுவரை கொண்டுபோனவர். மருந்து நிரப்பும் அறைக்குக் காற்றை வடிகட்டி அனுப்பும் இயந்திரங்கள் அவர் பொறுப்பு. அதனால் அந்தப் பெயர். அறைக்குள்ளே, கண்களைத் தவிர வேறெதுவும் தெரியாத வெள்ளை உடைக்குள், ஊசிமருந்துக் குப்பிகளை நிரப்புகிறவர்களில் ஒருத்தி அவர் மனைவி. கூரைச் சல்லடையிலிருந்து இறங்கி, வழியில் எதன்மீதும் படாமல், திறந்த குப்பியை வந்து தொடும் காற்றை அங்கே 'ஃபர்ஸ்ட் ஏர்' என்பார்கள். அந்த முதல் காற்றுக்கும் குப்பிக்கும் நடுவே கை குறுக்கிடக் கூடாது. "நீங்க அனுப்புற காத்துக்கு நான் ஒருநாளும் குறுக்க நின்னதில்ல. வீட்ல ஃபேனுக்கு முன்னாடி மலை மாதிரி நிக்கிறது யாருங்க?" என்று அவள் கேட்பதுண்டு.

ஒரு மாலை, மகளைப் பள்ளியிலிருந்து அழைத்துவர அவர் மறந்துபோனார். தெருவிளக்குகள் எரியத் தொடங்கிய பிறகு, பூட்டிய வாசலில் பையைச் சுமந்தபடி நின்றிருந்த குழந்தையை மனைவிதான் போய்க் கூட்டிவந்தாள்.

"கவனக்குறைவு நேர்ந்துடுச்சு," என்றார் அவர்.

"நேர்ந்துடுச்சா? அது என்ன மழையா, தானா நேர்றதுக்கு?"

அவர் மனத்துக்குள் வார்த்தை தேடினார். உள்ளம் முழுக்கக் குற்ற உணர்வு கனத்துக் கிடந்தது. வாய்க்கு வந்ததோ, "இனிமே நேராம பாத்துக்கப்படும்" என்பதுதான். அவள் அவரை ஒருமுறை பார்த்துவிட்டுச் சமையலறை விளக்கை அணைத்தாள். மறுநாள் காலை காப்பி டம்ளர் மேசையில் 'டொக்'கென்று இறங்கியது. அவ்வளவுதான் பேச்சு.

அன்று நிரப்பும் அறையில் மீடியா ஃபில். மருந்துக்குப் பதிலாக, கிருமிகளுக்குப் பிடித்தமான சத்துநீரைக் குப்பிகளில் நிரப்பி, வெதுவெதுப்பான அறையில் வைத்துக் காத்திருக்கும் சோதனை அது. ஒரு குப்பி கலங்கினாலும், எங்கோ ஏதோ உள்ளே புகுந்துவிட்டது என்று பொருள். அழுத்தமானியைப் பார்க்க வெளித்தாழ்வாரத்துக்கு வந்த காற்றுக்காரர், கண்ணாடிச் சன்னலுக்கு அப்பால் அவள் கண்களைக் கண்டார். அவை சட்டென்று விலகின. அவருக்குத் தாளவில்லை. தன் கருவிப்பையை இரண்டு தோள்களிலும் மாட்டிக்கொண்டார். கீழுதட்டைப் பிதுக்கினார். ஒரு காலைத் தரையில் தட்டியபடி, இல்லாத கடிகாரத்தை மணிக்கட்டில் சுட்டிச் சுட்டிக் காட்டினார். அச்சு அசலாக மகளேதான். பிறகு எதிர்ப்பக்கம் தாவி, மறந்துபோன அப்பாவாக மாறி, கூனிக் குறுகி நின்றார். வெள்ளை உடைக்குள் தோள்கள் குலுங்கின. அந்தக் குலுக்கலில் அவள் கை, கண்ணிமைக்கும் நேரம், திறந்த குப்பிகளுக்கு மேலே மிதந்து மீண்டது.

அன்று மாலை, "லூசாங்க நீங்க?" என்று அவளே பேச்சைத் தொடங்கினாள்.

இரண்டு வாரம் கழித்து ஒரு குப்பி கலங்கியது.

விசாரணைக் கூட்டத்துக்குத் தரக்கட்டுப்பாட்டு மேலாளர் தலைமை ஏற்றார். எந்தப் பதிலுக்கும் இன்னொரு 'ஏன்' வைத்திருப்பதால் அவருக்கு முதுகுக்குப் பின்னால் 'ஏனம்மா' என்று பெயர். திரையில் கேமராப் பதிவை நிறுத்தி வைத்திருந்தார்: குலுங்கும் வெள்ளைத் தோள்கள், குப்பிகளுக்கு மேல் ஒரு கை.

"ஃபர்ஸ்ட் ஏர் தடைபட்டிருக்கு. ஏன்?"

"கை நகர்ந்திருக்கு, மேடம்," என்றார் மேற்பார்வையாளர்.

"ஏன்?"

"உடம்பு அசைஞ்சிருக்கு. இருமலா இருக்கலாம்."

ஏனம்மா காற்றுக்காரரின் மனைவி பக்கம் திரும்பினார். "இருமலாம்மா?"

"இருமல்தான், மேடம்," என்றாள் அவள், மேசையைப் பார்த்தபடி.

"அப்போ ரூட் காஸ், ஹெல்த். இவங்கள மறுபடி பேக்கிங்குக்கே மாத்திடலாம். அங்க தொந்தரவு இல்ல."

காற்றுக்காரர் அவள் கைகளைப் பார்த்தார். வருடக்கணக்கில் பேக்கிங்கில் அட்டைப்பெட்டி மடித்த கைகள் அவை. தேர்வெழுதி, பயிற்சியில் இரண்டு முறை தோற்று, தண்ணீருக்குள் அசைவதைப் போல மெதுவாக அசையக் கற்று, அந்த அறைக்குள் நுழைந்தவை. இப்போதெல்லாம் வீட்டில் தட்டு எடுத்து வைப்பதுகூட அந்த அழகில்தான். தாழ்வாரம் என்று அவள் ஒரு சொல் சொன்னால் போதும், கேள்விகள் அவர் பக்கம் திரும்பிவிடும். அதனால்தான் இருமலை ஒப்புக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

ஏனம்மாவின் பேனா 'மூல காரணம்' என்ற கட்டத்தை நோக்கி இறங்கியது.

"இருமல் இல்ல, மேடம்."

எல்லாத் தலைகளும் திரும்பின. மனைவியின் தலை மட்டும் வேகமாக 'வேண்டாம்' என்று ஆடியது.

"சிரிப்பு. நான்தான் சிரிக்க வெச்சேன். சன்னலுக்கு வெளிய நின்னு. தப்பு என்னோடது."

மேற்பார்வையாளர் தன் காலணியைக் கூர்ந்து ஆராயத் தொடங்கினார். அப்படியொரு வாக்கியத்தை எந்தக் கட்டத்தில் எழுதுவதென்று தெரியாமல் பேனா அந்தரத்தில் நின்றது.

"ஏன்?" என்றார் ஏனம்மா, இம்முறை குரல் சற்று இறங்கியிருந்தது.

"அதுக்கு முந்தின நாளும் ஒரு தப்பு பண்ணியிருந்தேன், மேடம். அதைச் சொல்ல வாய் வரல."

"அப்படி என்னதான் பண்ணீங்க, சன்னல்ல?"

காற்றுக்காரர் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தார். கருவிப்பையை எடுத்து இரண்டு தோள்களிலும் மாட்டிக்கொண்டார். கீழுதட்டைப் பிதுக்கி, காலைத் தரையில் தட்டத் தொடங்கினார். மேசைக்கு எதிர்ப்புறம் அவர் மனைவி இரு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் பின்னால் திரையில் உறைந்திருந்த வெள்ளைத் தோள்களுக்குக் கீழே, அதே தோள்கள் குலுங்கிக்கொண்டிருந்தன.