ஜூனிப்பருக்காக இழுத்த பாட்டு

அன்று நியூஹால் மலைச்சரிவில் எங்கள் ஊமைப்படத்துக்கு ஒரு துரத்தல் காட்சி எடுக்க வேண்டியிருந்தது. கொள்ளைக்காரன் வேடத்தில் வைலி டாக்கெட் குதிரையேறித் தப்ப வேண்டும். அவன் ஏறும் ஜூனிப்பருக்கு இருபது வயது தாண்டிவிட்டது. படக் கம்பெனிக் குதிரை.

"இன்னிக்கும் ஊர்வலம் போற மாதிரி வந்துச்சுன்னா, அதைத் தோலுக்கு அறுக்கிறவன்கிட்ட அனுப்பிடுவேன்," என்று காலையிலேயே சொல்லிவிட்டார் இயக்குநர் ப்ரூவிட். "என் படத்துல ஓடுற குதிரை நிஜமாவே ஓடணும்."

வைலி என் கேமராவுக்குப் பக்கத்தில் வந்து நின்றான். "எல்பர்ட்டு, பதினோரு வருசமா என்னை ஒருதடவைகூடக் கீழ தள்ளாத ஜீவன்டா அது."

"நீ அதை அடிக்காதே. முடிஞ்சமட்டும் ஓடட்டும்," என்றேன்.

கேமராவின் கைப்பிடியை விநாடிக்கு இரண்டு சுற்று சுற்ற வேண்டும். அந்த வேகம் தவறாமலிருக்கக் கேமராக்காரர்கள் நாங்கள் ஆளுக்கொரு பாட்டை முணுமுணுப்போம். என்னுடையது ஞாயிறு ஆராதனையில் பாடும் ஞானப்பாட்டு. பாட்டை இழுத்தால் கை மெதுவாகும். கை மெதுவானால் சுருளில் குறைவான படங்களே விழும்; அதை வழக்கமான வேகத்தில் ஓட்டும்போது திரையில் குதிரை பறக்கும்.

ஜூனிப்பர் மூச்சிரைக்க வந்தது. நான் பாட்டை இழுத்தேன். இது பொய்தானே என்று மனம் உறுத்தியது. 'கர்த்தரே, மன்னியும்' என்று அடுத்த அடியையும் இழுத்தேன்.

இரண்டு நாள் கழித்து, எடுத்ததைக் கொட்டகையில் போட்டுப் பார்த்தோம். ஜூனிப்பர் புயலாகப் பறந்தது. ஆனால் கடைசியில் வைலி, சந்தோஷத்தில், என்னைப் பார்த்துத் தொப்பியைத் தூக்கியிருந்தான். திரையில் அந்தக் கை கோழி கொத்துவதுபோல் படபடத்தது. எல்லோரும் சிரித்தார்கள்.

"கெடுத்துட்டேனே," என்று முனகினான் வைலி.

ப்ரூவிட் சிரிக்கவில்லை. "தொப்பி தூக்குற இடத்தை வெட்டிடுங்க," என்றவர் என் பக்கம் திரும்பினார். "எங்கப்பா போதகர்யா. அன்னிக்கு உன் பக்கத்துலதான் நின்னேன். அந்தப் பாட்டைச் சாவு வீட்டுலகூட இவ்வளவு இழுத்து நான் கேட்டதில்ல."

"அன்னிக்கே தெரிஞ்சுதா ஐயா? ஏன் நிறுத்தல?"

"ஞானப்பாட்டுக்கு நடுவுல எப்படிய்யா கத்துறது?" அவர் வைலியைப் பார்த்தார். "அடுத்த வாரமும் துரத்தல் இருக்கு. ஜூனிப்பரையே கூட்டிட்டு வா. கையை மட்டும் மெதுவா ஆட்டப் பழகு."

வைலி எழுந்து நின்று, மிக மிக மெதுவாகத் தொப்பியைத் தூக்கினான்.